மடு மண்ணும் ஒரு மலைப்பாம்பும்

பலெர்மோவின் வுச்சீரியாச் சந்தைக்கு அவளோடு மீன் வாங்கப் போனால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். முன்னால் நிற்கிற கிழவிக்கு மீன்காரன் நிறுத்ததற்கு மேலே ஒரு பிடி சின்ன மீனை அள்ளிப் போட்டால், இவள் அந்தக் கணமே பையை நீட்டுவாள். "ஆங்கே ஆ மே." எனக்கும். இத்தாலி மொழியில் அவள் முதலில் படித்த சொற்கள் இவைதான். காலை வணக்கம் சொல்லத் தெரிய முதலே எனக்கும் என்று கேட்கத் தெரிந்துவிட்டது. கோயிலில் ஃபாதர் சின்னப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தால் முப்பது தாண்டிய இந்த மனுஷி பிள்ளைகளோடு வரிசையில் நிற்பாள். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து வைத்தியர் வீட்டுக்கு வந்து ஊசி போட்டபோது, பக்கத்தில் நின்ற இவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு ஏனடி ஊசி?"

"உங்களுக்குப் போட்டவர் தானே அக்கா. எனக்கும் ஒண்டு போட்டால் என்ன குறைஞ்சு போயிடும்?"

வைத்தியர் சிரித்துவிட்டுப் போனார். இவளுக்கு இரண்டு நாள் மனக்குறை.

வாங்குவதற்கு மட்டும் நீள்கிற கை இல்லை அது. ஒருநாள் சந்தை ஒழுங்கைக்குள் ஸ்கூட்டரில் வந்த ஒருவன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். நான் விழுந்துவிட்டேன். இவள் கையில் அப்போதுதான் வாங்கிய சுறாத் துண்டு, பையோடு சேர்த்து இரண்டு கிலோ இருக்கும். சுழற்றி அவன் முகத்தில் ஒன்று போட்டாள். ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அதோடு விட்டாளா? நெஞ்சில் ஏறி இருந்து கால் செருப்பைக் கழற்றி அடித்தாள். அவனுடைய மூக்கு உடைந்து இரத்தம் அவளுடைய வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது. சுற்றி நின்ற வியாபாரிகள் கை தட்டினார்கள். நான்தான் அவளுடைய தலைமயிரைப் பிடித்துத் தூக்கி எடுத்தேன். எழுந்து மூச்சு வாங்கியவள் பையைத் திறந்து பார்த்தாள்.

"ஐயோ அக்கா, மீன் நசிஞ்சு போச்சு."

நேரே மீன்காரனிடம் போய் வேறு துண்டு கேட்டாள். அவனும் கொடுத்தான். கொடுக்காமல் இருக்க அவனுக்கு என்ன பைத்தியமா?

அன்று அந்தச் சண்டையால் சமையல் பிந்திவிட்டது. மூன்று மணிக்கு வேலையால் வந்த அவளுடைய புருஷன், சோறு வடிக்கவில்லை என்று அவளுடைய தலையைக் குசினிச் சுவரோடு சேர்த்து அடித்தான். இந்த இரண்டையும் நான் ஒரே நாளில் பார்த்தேன். காலையில் ஒரு காளையைப் புரட்டிப் போட்டவள் பின்னேரம் காது மடலால் இரத்தம் வடிய வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொடியனுக்குக் குடுத்ததிலை பாதியை இவனுக்குக் குடனடி," என்றேன்.

"தெருவிலை அடிச்சால் வீட்டை வரலாம் அக்கா. வீட்டிலை அடிச்சுப்போட்டு எங்கை போறது? இந்த நாட்டிலை இருக்க விடுற பெர்மெஸ்ஸோவும் அவற்ரை பேரோடைதான் கிடக்கு."

நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், மூன்றாம் மாடி. பெரிய அறை அவர்களுக்கு, சின்ன அறை எனக்கு, குசினியும் குளியலறையும் பொது. நான் யாழ்ப்பாணம், சைவம். அவர்கள் இரண்டு பேரும் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். நான் ஒரு வயதான இத்தாலிச் சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலைக்குப் போனேன். அவள் வீடுகள் துடைக்கப் போனாள். அவனுக்கு ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரீன் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. என்னோடு கதைக்கும்போது நிலத்தைப் பார்த்துத்தான் கதைப்பான். வாய் நிறைய அக்கா என்பான். தோடம்பழம் பெட்டியோடு கொண்டுவந்து என் வாசலில் வைப்பான். அவனைப் போல மரியாதையான ஆள் பலெர்மோவில் இல்லை என்று கோயிலில் நாலு பேர் சொல்வார்கள்.

அவன் அடிப்பதற்குக் காரணம் தேடுவதில்லை. உப்புக் கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. பிள்ளை இல்லை என்றும் அடித்தான். அடி விழுந்து முடிந்ததும் அவள் குளியலறைக்குள் ஓடிப்போய் சத்தி எடுப்பாள். சாப்பிட்ட சோறு அப்படியே வெளியே வந்துவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே சோறு இறங்காமல் போன நாட்கள் உண்டு. இரண்டு தடவை கராபினியேரிப் பொலிசைக் கூப்பிடப் போனேன். இரண்டு தடவையும் அவள்தான் என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

இந்த வீட்டுக்குள்தான் அந்தப் பாம்பு வந்தது.

தோட்டச் சொந்தக்காரருடைய மகன் வடக்கே படிக்கப் போகும்போது கண்ணாடிப் பெட்டியோடு இவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆபிரிக்க மலைப்பாம்பு. கையளவு மொத்தம், ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட நீளம், உடம்பெல்லாம் மண்ணிறத் திட்டுகள். விஷம் இல்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுவிடும். அவன் அதைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டான். எங்களுடைய உறைபெட்டியில் என் மீனுக்குப் பக்கத்தில் அதற்கு உறைந்த எலிகள் வந்து படுத்தன. நான் கத்தினேன். "குறை நினைக்காதேங்கோ அக்கா, பிள்ளையின்ரை சாப்பாடு," என்றான். நான் என் மீனை மற்றத் தட்டுக்கு மாற்றினேன்.

இவளுக்குப் பாம்பென்றால் உயிர் போகும். சப்பாத்துக் கயிறு நிலத்தில் கிடந்தாலும் கதிரையில் ஏறிவிடுகிற ஆள். கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணிப்பொட்டலம் தொங்கும். அதற்குள் மடு மாதா கோயில் மண். அந்த மண் இருக்கிற இடத்துக்குப் பாம்பு வராது, வந்தாலும் தீண்டாது, தீண்டினாலும் விஷம் ஏறாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் யாராவது மடு மண் கேட்டால் இவளும் எனக்கும் என்று கேட்டு வாங்கி, சீனிப் போத்தலில் நிரப்பி வைத்திருந்தாள். பாம்பு வந்த அன்று அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மண்ணால் கோலம் போடுவது போல ஒரு வளையம் போட்டுவிட்டு, வளையத்துக்கு வெளியே நின்று செபம் சொன்னாள். அவன் சிரித்தான். நானும்தான் சிரித்தேன்.

அந்தப் பாம்போடு அவன் இருப்பதைப் பார்க்கவேண்டும். மரம் ஏறிக் காய்த்துப்போன அந்தக் கை, அதைத் தூக்கும்போது பஞ்சை எடுப்பது போல எடுக்கும். "என்ரை குஞ்சு, குளிருதோ? பசிக்குதோ?" என்று ஒரு குரலில் கேட்பான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருக்கிறது என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை அவன் நீட்டுக் குறட்டால் எலியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு அந்தக் குரலில் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற இவள் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கும் ஒருக்கால் அப்பிடிக் கதையுங்கோவன்."

அவன் திரும்பாமலே கையிலிருந்த இரும்புக் குறட்டை எறிந்தான். புருவம் பிளந்துவிட்டது. அவளுடைய கண்ணுக்கு மேலே நான் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அறைக்குள்ளே அவன் பாம்பிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் போட்டுப் பயப்படுத்திவிட்டானாம்.

இதற்குப் பிறகு ஒருநாள் நடந்ததை அவள் எனக்குச் சொன்ன விதமாகவே சொல்கிறேன். அவன் இடுப்புப் பட்டியைக் கழற்றினான். இவள் பின்னால் போய்ப் போய் கண்ணாடிப் பெட்டியில் முட்டினாள். மூடி விலகிவிட்டது. அடுத்த அடி முகத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு, தட்டுப்பட்டதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் பட்டி மேலே தூக்கியபடி அவன் சிலையாக நிற்கிறான்.

"வை அதை. மெதுவா வை. பிள்ளை பயப்பிடப் போகுது."

"அவர் அப்பிடிக் கெஞ்சினதை நான் கேட்டதே இல்லை அக்கா," என்றாள். சொல்லிக்கொண்டே கையைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அது அவனை நினைத்த பயம் இல்லை. பாம்பைத் தொட்ட பயம்.

அன்றிலிருந்து அதுதான் அவளுடைய கவசம். அவனுடைய முகம் மாறுகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய்ப் பாம்பைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அவன் சுவரைக் குத்துவான், கோப்பையை உடைப்பான், கதிரைக் காலை முறிப்பான், அவளைத் தொடமாட்டான். அவன் நித்திரையாகும்வரை, அல்லது வெளியே போகும்வரை, கழுத்தில் பாம்போடு நிற்பாள். மடு மண் பொட்டலமும் அந்தக் கழுத்தில்தான் தொங்கியது. நான் அதைக் கேட்டேன்.

"மண்ணும் கட்டியிருக்கிறாய், பாம்பையும் கட்டியிருக்கிறாய். இதென்ன கூத்து?"

"மண் பாம்புக்குத்தானே அக்கா காவல். மனிசனுக்கு வேறை என்ன இருக்கு?"

நான் போய் அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் போட்டேன்.

பிறகு பாம்பு சத்தி எடுக்கத் தொடங்கியது. முதல்முறை அந்த மணம் வந்தபோது குழாய்க்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் பாதி கரைந்த எலி, மயிரெல்லாம் போய், வழுவழுவென்று சளிக்குள் கிடக்கிறது. மீன் குடலும் ஆட்டுக் குடலும் கழுவிய கை என்னுடையது. அந்த மணத்துக்கு நான் குசினி யன்னலைத் திறந்து தலையை வெளியே போட்டேன். துடைத்தவள் இவள். அவன் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து அழுதான். அடுத்த நாளே இன்னொரு எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுத்தான். பிள்ளை சத்தி எடுத்தால் வயிறு வெறுமையாகிவிடும், கஞ்சி காய்ச்சிக் கொடுக்கத்தானே வேண்டும். எங்கள் ஆட்களுடைய வைத்தியம் அதுதான். பாம்பு அதையும் கக்கியது. பாம்பு வைத்திருக்கிறவர்கள் எவரைக் கேட்டாலும் அது பெரிய பிழை என்பார்கள். ஒருமுறை கக்கினால் அதன் வயிற்றில் சமிக்கிற நீரும் சேர்ந்து போய்விடும். அது ஊற இரண்டு கிழமையாவது பட்டினி போடவேண்டும். எங்களுக்கு அப்போது அது தெரியாது.

பாம்பு மெலிந்தது. முதுகெலும்பு மேலே தெரியத் தொடங்கியது. அவன் எலி விற்ற கடைக்காரனுடைய சட்டையைப் பிடித்தான். சூடு கொடுக்கிற விரிப்பு சரியில்லை என்று அதைக் கிழித்து எறிந்துவிட்டு வேறு வாங்கினான். எல்லாக் கோபமும் கடைசியில் இவளிடம் வந்து சேர்ந்தது. அவன் அடிக்க வர இவள் பாம்பைத் தூக்குவாள். இவள் தூக்க அது கக்கும். அது கக்கினால் அவன் இன்னும் அடிக்க வருவான்.

எது எதால் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். போனில் பாம்புக்காரருடைய வீடியோக்கள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் குசினியில் கத்திரிக்காய் வெட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சாப்பிட்டு ரெண்டு நாளைக்கு அதைத் தூக்கக் கூடாதாம் அக்கா. நான் தூக்கிறதாலைதான் அதுக்கு இந்த வருத்தம்."

"அப்ப தூக்காதை."

"தூக்காட்டி அவர் என்னை முறிச்சுப் போடுவார்."

"அப்ப தூக்கு."

"தூக்கினால் அது செத்துப் போகும். அது செத்தால் பிறகு நான் எதைத் தூக்கிறது?"

நான் வெங்காயம் உரித்த கத்தியை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அவள் கத்திரிக்காயின் காம்பைச் செதுக்கிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவள் ஒரு முடிவு எடுத்தாள். அவன் சனிக்கிழமை பாம்புக்குச் சாப்பாடு கொடுப்பான். ஞாயிறு பூசை முடிந்து வந்து வைன் குடிப்பான். ஆகவே ஞாயிறும் திங்களும் அவள் பாம்பிடம் போவதை நிறுத்திவிட்டாள். அந்த இரண்டு நாளும் விழுகிறதை வெறும் உடம்பால் வாங்கினாள். செவ்வாயிலிருந்து தூக்கலாம், அதற்குள் எலி கரைந்துவிடும். இப்படிப் பாம்பின் வயிற்றுக்குக் கணக்குப் பார்த்து அடி வாங்கிய பெண் உலகத்தில் வேறு இருக்கிறாளா? தன் வயிறு மட்டும் அப்படியே இருந்தது. அடி விழுந்தால் குளியலறைக்கு ஓடுவாள், சுவருக்கு அந்தப் பக்கத்தில் அதே சத்தம். பாம்பு சில கிழமை கக்கவில்லை. அவள் எனக்கு அதைப் பெருமையாகச் சொன்னாள், உதடு வீங்கிப்போய்.

ஒரு ஞாயிறு அவன் இஸ்திரிப்பெட்டியை எடுத்தான். சூடாக இருந்தது. அவள் பாம்பைத் தூக்கிவிட்டாள். நானாக இருந்தாலும் தூக்கியிருப்பேன். சாயங்காலம் அது கக்கியது. இந்த முறை எலியோடு இரத்தமும் கொஞ்சம் கலந்து வந்தது.

மறுநாள் அவன் தோட்டத்துக்குப் போன பிறகு, பாம்பின் தண்ணீர்க் கோப்பைக்குள் இவள் எதையோ கரைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சீனிப் போத்தல் பக்கத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பாம்புக்கு எதிரான மண்ணைப் பாம்புக்கே குடுக்கிறியோ?"

"மாதா பாம்பைக் கொல்லவோ மண் குடுத்தவ? தீண்டாமல் இருக்கத்தானே. எனக்கு வருத்தம் எண்டால் நானும் கரைச்சுக் குடிக்கிறனான். அதுக்கும் குடுத்துப் பாப்பம்."

தனக்கும் என்று மட்டுமே கேட்கத் தெரிந்தவளுடைய வாயில் அதுக்கும் என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு அவன் வந்தான். கோப்பையின் அடியில் படிந்திருந்த மண்ணைப் பார்த்தான். மேசையில் இருந்த சீனிப் போத்தலைப் பார்த்தான். அவனும் மன்னார்ப் பிள்ளைதானே. அந்த மண் எதற்கு என்று வேறு எவரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. பாம்பை ஒழிக்கத்தான் அவள் மண் போட்டாள், இவ்வளவு நாளும் அது கக்கியது இதனால்தான் என்று அவனுடைய மண்டைக்குள் எல்லாம் பொருந்திவிட்டது.

நான் என் அறையில் இருந்தேன். முதலில் போத்தல் உடைகிற சத்தம். பிறகு அவளுடைய குரல், ஒரே ஒருமுறை. பிறகு அடி மட்டும் கேட்டது. ஆள் கத்தாமல் அடி மட்டும் கேட்டால் அது வேறு சத்தம். குசினிக்குள் போனேன். ஊரிலிருந்து நான் சுமந்து வந்த இரும்புத் தோசைக்கல்லு அடுப்பில் இருந்தது. எடுத்துக்கொண்டு அவர்களுடைய கதவைக் காலால் உதைத்தேன். அவள் நிலத்தில் கிடந்தாள். அவன் அவளுடைய வாய்க்குள் அந்த மண்ணைத் திணித்துக்கொண்டிருந்தான், உடைந்த போத்தல் துண்டுகளோடு சேர்த்து. நான் என் பலம் எல்லாம் சேர்த்துத் தோசைக்கல்லால் அவனுடைய தோளில் அடித்தேன். எலும்பில் பட்ட அதிர்ச்சி என் முழங்கைவரை வந்தது. இன்னொன்றும் போட்டேன். அவன் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினான்.

"நீங்கள் இதுக்குள்ளை வராதேங்கோ அக்கா. மாதா காலுக்குக் கீழை பாம்பை மிதிச்சுக்கொண்டு நிக்கிறா. அவவின்ரை மண்ணைக் கரைச்சுக் குடுத்து இவள் என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தவள்."

மறுநாள் காலை மூன்று பேரும் பக்கத்து ஊரான பகேரியாவுக்கு ரயில் ஏறினோம். பாம்பு பார்க்கிற மிருக வைத்தியர் அங்கேதான் இருக்கிறார் என்று எலிக் கடையில் சொல்லியிருந்தார்கள். என்ன கொடுத்தாள் என்று வைத்தியரிடம் சொல்ல அவள் வரவேண்டுமாம். மொழிபெயர்க்க நான் வரவேண்டுமாம். சிஞ்ஞோராவிடம் அரை நாள் கேட்டு வந்தேன். அவளைத் தனியாக அவனோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவன் மடியில் மீனுக்கு ஐஸ் போடுகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி, அதற்குள் தலையணை உறை, அதற்குள் பாம்பு. ரயில் ஆடும்போதெல்லாம் பெட்டியை ஏந்திப் பிடித்தான். அவளுடைய ஒரு கண் முழுக்க மூடிவிட்டது, உதடு கிழிந்திருந்தது. எதிரே இருந்த மனுஷி அவளைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்கு எழுந்து போனாள்.

வைத்தியர் ஒரு சின்னப் பெண். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். பாம்பை இரும்பு மேசையில் விட்டு, ஒரு மெல்லிய தகட்டால் வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். அறையின் சூடு கேட்டார், எலியின் பருமன் கேட்டார். மண்ணைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அந்தளவு மண் ஒன்றும் செய்யாது என்றார். பிறகு, சாப்பாடு கொடுத்த பின் இதை யார் தூக்குகிறார்கள் என்று கேட்டார்.

"ஒருத்தரும் தொடுறதில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா. நானே தொடமாட்டன்," என்றான் அவன்.

நான் வாயைத் திறக்க முதல் அவள் இத்தாலியில் சொன்னாள். "நான். நான்தான் தூக்குகிறேன்."

வைத்தியர் ஏன் என்று கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலியில், வீடு துடைக்கப் போய்ப் படித்த சொற்களில், சொல்லிவிட்டாள். இவர் அடிப்பார். பாம்பு என் கையில் இருந்தால் அடிக்கமாட்டார். அவ்வளவுதான் சொன்னாள். கிழிந்த உதட்டால் அதற்கு மேல் சொல்லவும் முடியாது.

வைத்தியர் பேனையை எடுத்தார். பிறகு பாம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் அவனுக்குக் கேட்கட்டும் என்று உரத்த குரலில் தமிழில் சொன்னேன். இதற்கு நோய் ஒன்றும் இல்லையாம். பயமாம். பயந்தால் இது விழுங்கினதைக் கக்கிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடப் பார்க்குமாம். இரண்டு கிழமைக்குச் சாப்பாடு இல்லை, ஒருவரும் தொடக் கூடாது, அருகில் சத்தம் கூடாது. சொல்லிவிட்டு அதைத் தாளில் எழுதத் தொடங்கினார்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"ஆங்கே ஆ மே, டொத்தோரெஸ்ஸா."

வைத்தியருக்கு விளங்கவில்லை. அவள் தாளை விரலால் தொட்டுக் காட்டினாள். அதே மீன்கடைக் குரல். எனக்கும். பாம்புக்கு எழுதுகிறதை எனக்கும் எழுதித் தாருங்கள்.

"என்ன கேக்கிறாள்?" என்றான் அவன்.

"தன்னையும் ஒருத்தரும் தொடக் கூடாது எண்டு எழுதித் தரட்டாம்," என்றேன்.

அவனுடைய கை எழும்பியது. பாம்பு அவளுக்கு முன்னால்தான் கிடந்தது, எட்டினால் எடுக்கலாம். அவளுடைய கை பழக்கத்தில் அதை நோக்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். போன கையை இழுத்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவதில் மிருகங்களை நிறுக்கிற தட்டில் போய் விழுந்து எழுந்தாள், கையை முன்னால் கொண்டுவரவே இல்லை. வைத்தியர் போட்ட சத்தத்தில் வெளியே நாயோடு காத்திருந்த இரண்டு ஆண்கள் உள்ளே பாய்ந்து அவனை நிலத்தோடு அழுத்திப் பிடித்தார்கள். கராபினியேரி வரும்வரை ஒருவர் அவனுடைய முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவளும் போனைப் பறிக்கவில்லை.

வைத்தியர் அந்தத் தாளை எழுதி முடித்து அவளுடைய கையில் கொடுத்தார். அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆம்புலன்சுக்குள் ஏறியதும் என்னிடம் நீட்டினாள்.

"எத்தினை கிழமை எண்டு போட்டிருக்கு அக்கா?"

"பாம்புக்கு ரெண்டு. உனக்குக் கிழமை போடேல்லை. ஒருக்காலும் தொடக் கூடாது எண்டு கிடக்கு."

வீங்காத மற்றக் கண் பெரிதாகத் திறந்தது. "பாம்பை விட எனக்குக் கூடவோ?"

நான் அப்போதுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இடத்தில், ஊர் பெயர் சொல்லமாட்டேன், கொஞ்சக் காலம் இருந்தாள். அடி வாங்கிய பெண்ணுக்குத் தனிப் பெர்மெஸ்ஸோ கேட்கலாம் என்று அங்கே சொல்லி, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கும் கூட்டிப் போனார்களாம். பக்கத்தில் நின்ற இன்னொருத்திக்குக் கிடைத்ததைப் பார்த்து எனக்கும் என்று கேட்டிருப்பாள், சந்தேகமே இல்லை. பிறகு தனி அறை எடுத்தாள். பாம்பை அதுவரை வைத்தியர் வைத்திருந்தார். இவளே போய் வாங்கினாள்.

அவன் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து எனக்கு ஒருமுறை போன் எடுத்தான்.

"அக்கா, பிள்ளை சத்தி எடுக்கிறதை விட்டிட்டுதோ?"

அவளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. தோசைக்கல்லு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்தக் கிழமையே அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ எண்ணெயில் பொரிகிற சத்தம், மீனாகத்தான் இருக்கவேண்டும். சனிக்கிழமை சின்ன எலி ஒன்று கொடுத்தாளாம். இன்றைக்குப் புதனாம், அது அசையாமல் படுத்திருக்கிறதாம், தான் பெட்டிப் பக்கமே போகவில்லையாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.

"சாப்பிட்டது வயித்திலை நிக்குது அக்கா. எனக்கும்."